மேனேஜருக்கு மெடிக்கல் லீவு

தையலக்கா வீட்டில் யாருக்கும் யாரோடும் சண்டை இல்லை என்றுதான் தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டால்தானே சண்டை. அந்த வீட்டிலிருந்து கேட்டதெல்லாம் பூனையோடு பேசுகிற பேச்சு. காலையில் அடுப்படியிலிருந்து ஒரு குரல், "மேனேஜர், டீ ஆறுதுன்னு சொல்லு." மாடிப்படியிலிருந்து இன்னொரு குரல், "மேனேஜர், சக்கரை போட்டாச்சான்னு கேளு." கேட்கிறவர்களுக்கு, அடடா, பூனைமேல் இவர்களுக்கு எத்தனை பிரியம் என்று தோன்றும். பிரியம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விஷயம் அதுவல்ல. தையலக்காவும் அவள் நாத்தனாரும் நேருக்கு நேர் பேசி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. குடும்ப நிர்வாகம் மொத்தமும் பூனை வழியாக நடந்துகொண்டிருந்தது.

தையலக்கா என்பது தெரு வைத்த பெயர். வாசலை ஒட்டிய முன்னறைதான் அவள் கடை. ஜன்னலோரம் மிஷின், நடுவில் துணி வெட்டும் மேஜை, சுவரில் ஆணிக்கு ஆணி தொங்கும் சட்டைகள், மூலையில் வெட்டுத்துணி மூட்டை. புதுத் துணி தைக்க ஊரில் ஆயிரம் பேர் இருந்தார்கள். பழையதைப் பிரித்து அளவு மாற்றித் தருவதற்கு இவளை விட்டால் ஆள் கிடையாது. அண்ணன் கோட்டைத் தம்பிக்குச் சரியாக்குவாள். ஜன்னல் திரையைப் பாவாடையாக்குவாள். இளைத்தவருக்குப் பிடித்துத் தருவாள், பெருத்தவருக்கு விட்டுத் தருவாள். "எல்லாமே அளவுதான்" என்பது அவள் வேதவாக்கு. பெரியது எதுவானாலும் அளந்து குறைத்தால் சிறியவருக்குப் பொருந்தும் என்று மனதார நம்பினாள். துணியைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை அவளை ஒருநாளும் கைவிட்டதில்லை.

நாத்தனாரைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். இவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் கால் வைத்தபோது நாத்தனார் பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்றாள். அவளுக்குச் சீருடை தைத்துக் கொடுத்ததுதான் தையலக்கா இந்த மிஷினில் தைத்த முதல் துணி. பாப்பாவுக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது, கண்ணாடிக் கடையில் சீனியர் ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "வந்தவங்க யாரும் என் கண்ணுக்குச் சரியாப் படல" என்று முடித்துவிடுவாள். கண்ணைப் பற்றிக் கண்ணாடிக் கடைக்காரி சொன்னால் அதற்குமேல் யார் என்ன பேச முடியும்?

சண்டை வந்தது வெட்டுத்துணி மூட்டையால். தையலக்கா ஒரு கை அகலத் துணியைக்கூடத் தூக்கி எறிய மாட்டாள். எதற்காவது ஆகும் என்று மூட்டையில் திணிப்பாள். மூட்டை கதவை மறைத்தது, காற்றை மறைத்தது. ஒருநாள் தையலக்கா வெளியே போயிருந்த நேரத்தில் பாப்பா வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கி, மூட்டையைத் தூக்கிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டாள். திரும்பி வந்த தையலக்கா வெறும் மூலையைப் பார்த்தாள். வாய்க்கு வந்ததைச் சொன்னாள். வந்த வார்த்தை, "யாரைக் கேட்டுத் தூக்கிப் போட்ட? உன் வீடா இது?"

சொன்ன மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாப்பா பிறந்ததே அந்த வீட்டில். அப்பா கட்டிய வீடு, அம்மா செத்த வீடு. வெளியிலிருந்து வந்தவள் தையலக்காதான். பாப்பா மேஜைமேல் படுத்திருந்த பூனையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "மேனேஜர், கேட்டுக்கிட்டியா? இது நம்ம வீடு இல்லையாம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். அன்றோடு அண்ணி என்று கூப்பிடுவதும் போச்சு, பாப்பா என்று கூப்பிடுவதும் போச்சு. அடுத்த வாரத்திலிருந்து மூலையில் புது மூட்டை வளர ஆரம்பித்தது. பாப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பூனைக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது தையலக்காவின் புருஷன், பஸ் டிரைவர். ஒரு மழைநாளில் ஜன்னல் வழியாக உள்ளே குதித்த செவலைப் பூனை, எந்தத் துணியை வெட்ட விரித்தாலும் அதன் நட்டநடுவில் போய்ப் படுத்துக்கொண்டது. "வேலை செய்யறவங்க நடுவுல சும்மா படுத்துக்கிட்டு முறைக்கறவரை எங்க டிப்போல மேனேஜர்னுதான் சொல்லுவோம்" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. பகலெல்லாம் அது தையலக்காவின் கடையில் அதிகாரம் பண்ணும். சாயங்காலம் பாப்பா வேலையிலிருந்து வரும் நேரம் எப்படித்தான் தெரியுமோ, வாசலில் போய் வால் சுருட்டி உட்காரும். இரண்டு பேருக்கும் அது சொந்தம். அதனால்தான் தூது வேலை அதன் தலையில் விழுந்தது. டிரைவர் சாப்பிட உட்காரும்போது அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "இந்த வீட்டுலயே உனக்குத்தாண்டா டியூட்டி ஜாஸ்தி."

இதற்கு நடுவே தையலக்காவுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியத் தொடங்கியிருந்தது. ஊசியில் நூல் கோர்க்க வெளிச்சம் தேடி வாசலுக்கு நடந்தாள். இஞ்ச் டேப்பைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தாள். ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவள் ஒரே கூரையின்கீழ் இருந்தாள், ஆனால் அவளிடம் எப்படிக் கேட்பது? பாப்பாவும் கவனிக்காமல் இல்லை. "மேனேஜர், கண்ணு தெரியலன்னா வாயைத் திறந்து கேக்கலாம்னு சொல்லு." தையலக்கா விடுவாளா? "மேனேஜர், எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு." ரோஷம் என்று வந்துவிட்டால் அந்த வீட்டுப் பெண்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் நர்ஸம்மா வந்தாள். ஆஸ்பத்திரியில் தன்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் சேர்த்துச் சீருடைகளை அளவு பிடித்துத் தரச் சொல்லிக் கொடுத்திருந்தாள். முடிந்ததை மட்டும் முதலில் வாங்கிக்கொண்டு போனவள், மறுநாளே மடித்த சட்டையோடு திரும்பி வந்தாள். உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. போட்டுக்கிட்டு டியூட்டிக்குப் போனேன். இடுப்பைச் சுத்திக் கடிச்சு வெச்சிருக்கு."

"எது கடிச்சது?"

நர்ஸம்மா சட்டையின் தையல் விளிம்பைப் பிரித்துக் காட்டினாள். தையலக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்ததும் கறுப்பாக ஒரு புள்ளி துள்ளி அவள் புறங்கைமேல் விழுந்து, அங்கிருந்து எங்கோ தாவி மறைந்தது. தெள்ளுப்பூச்சி. தையல் பிரிந்துவிட்டது என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணியில் பூச்சி! அவளுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. மேஜையில் மீதிச் சீருடைகளின்மேல் மேனேஜர் மல்லாந்து படுத்து, பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நாளாகவே அது இப்படிச் சொறிந்துகொண்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள். பூனையென்றால் சொறியாதா என்று விட்டிருந்தாள்.

"மீதிய துவைச்சு, சுத்தம் பண்ணித் தர்றேன். வெளியில சொல்லிடாதம்மா" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். நர்ஸம்மா நல்லவள், சொல்ல மாட்டேன் என்றாள். ஆனால் போகும்போது இடுப்பைச் சொறிந்துகொண்டே போனாள்.

அன்று சாயங்காலம் பாப்பா வந்ததும் தையலக்கா மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "மேனேஜர், உன்மேல தெள்ளுப்பூச்சி இருக்குன்னு சொல்லு. உடனே ஏதாவது செய்யணும்னு சொல்லு."

பாப்பா பூனையை மடியில் போட்டு வயிற்று முடியை விலக்கிப் பார்த்தாள். மிளகுப்பொடி தூவினதுபோல் கறுப்பாக இருந்தது. "மேனேஜர், சனிக்கிழமை எனக்கு லீவு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு சொல்லு. அதுவரைக்கும் யாரும் எதையும் எடுத்துத் தடவ வேண்டாம்னு சொல்லு."

நல்ல வார்த்தைதான். ஆனால் அந்த 'யாரும்' தையலக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. யாரும் என்றால் யார்? வீட்டில் தடவுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஏன், இந்தப் பூனை இவளுக்கு மட்டும் எழுதி வைத்ததா? என் கடையில் படுக்கிறது, என் துணியில் படுக்கிறது, என் பெயர்தான் கெடுகிறது. சனிக்கிழமை வரை நான் யார் மூஞ்சியில் முழிப்பது? இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்டிருந்தால் பாப்பா ஒருநாள் லீவு போட்டிருப்பாள். பூனையைத் தூதுவிட்டு இவ்வளவையும் கேட்க முடியுமா?

மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்காரர் நாயோடு நடந்து வந்தார். ரிட்டயரானவர். நாயைப் பையன் என்றுதான் சொல்லுவார். கன்றுக்குட்டி உயரத்துக்கு இருக்கும் பையன். தையலக்கா வாசலில் நின்று சீருடைகளை உதறிக்கொண்டிருந்ததைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். அவளும் மனசு தாங்காமல் சொல்லிவிட்டாள்.

"அட, இதுக்கா இவ்வளவு கவலை? நம்ம பையனுக்குப் போன மாசம் போட்டது ஒரு டியூப் மிச்சம் இருக்கு. பிடரியில விட்டா போதும், ஒரு பூச்சி தங்காது."

"அது நாய் மருந்தாச்சே சார்?"

"பூச்சி ஒண்ணுதானேம்மா. பையன் மேல இருந்ததும் இதே பூச்சிதான், சந்தேகமே வேண்டாம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. பூச்சி ஒன்றேதான். கெட்ட எண்ணமும் இல்லை. வீட்டுக்குப் போய் டப்பாவோடு எடுத்துவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

தையலக்கா டப்பாவைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். பெரிய நாய்ப் படம் தெரிந்தது. கீழே எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து. ஓரத்தில் பட்டன் அளவு வட்டத்துக்குள் ஏதோ ஒரு படம். கம்பெனி முத்திரையாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அவள் கண் ஓடியது அளவுமேல்தான். அந்தப் பையன் எத்தனை பெரிய ஆள், நம்ம மேனேஜர் அவனில் கால்வாசிகூடத் தேற மாட்டான். அப்படியென்றால் மருந்திலும் கால்வாசி. அதற்கும் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்வோம். கோட்டைப் பிரித்துக் குழந்தைக்குத் தைக்கிற அதே கவனத்தோடு டியூபின் மேல் சாக்கட்டியால் கோடு போட்டாள். மேனேஜரை மடியில் வைத்துப் பிடரி முடியை விலக்கி, கோடுவரை மட்டும் விட்டாள். ஒரு துளி சிந்தவில்லை. மீதியை மூடிப் பத்திரப்படுத்தினாள். எதற்காவது ஆகும்.

மத்தியானம் வரைக்கும் அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்தபோது, வெட்டுத்துணி மூட்டைமேல் படுத்திருந்த மேனேஜரின் காது படபடவென்று அடித்துக்கொண்டது. ஈ உட்கார்ந்ததோ என்று பார்த்தாள். ஈ இல்லை. எழுந்து நிற்கப் பார்த்தது, பின்னங்கால் வழுக்கி உட்கார்ந்தது. வாயோரம் எச்சில் நூலாக வழிந்தது. கிட்டப் போய்த் தொட்டாள். மிதியை விட்ட பிறகும் மிஷின் அதிர்வதுபோல் உடம்பு முழுக்க நடுங்கியது. "மேனேஜர்... டேய் மேனேஜர்..." கண் திறந்துதான் இருந்தது. இவளைப் பார்க்கவில்லை.

ஃபோனை எடுத்துக் கண்ணாடிக் கடைக்கு அடித்தாள். யாரோ எடுத்து, பாப்பாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

"பாப்பா" என்றாள்.

ஒன்றரை வருஷமாகக் காதில் விழாத பெயர். பிறகு பாப்பாவின் குரல் வந்தது, ஒரேயடியாகப் பயந்துபோன குரல். "மேனேஜருக்கு என்ன ஆச்சு?"

"நடுங்குது பாப்பா. நிக்க முடியல. நான்தான் பண்ணிட்டேன். எதிர்வீட்டு நாய் மருந்தை எடுத்துப் பிடரியில விட்டுட்டேன்."

"எப்ப?"

"காலைல."

"அந்த டப்பாவைக் கையில எடுத்துக்கோங்க. மேனேஜரைத் துணியில சுத்துங்க. எதிர்வீட்டு சாரை வண்டியை எடுக்கச் சொல்லி நேரா டாக்டர்கிட்ட போங்க. நான் அங்க வந்துடறேன்." திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எதிர்வீட்டுக்காரர் செருப்புக்கூடப் போடாமல் வண்டியை எடுத்தார். வழியெல்லாம் "பூச்சி ஒண்ணுதானேன்னு நினைச்சேன், பூச்சி ஒண்ணுதானேன்னு நினைச்சேன்" என்று புலம்பினார். தையலக்கா லைனிங் துணியில் சுற்றிய பூனையை நெஞ்சோடு அணைத்தபடி பின்சீட்டில் இருந்தாள். அதன் நடுக்கம் அவள் எலும்புக்குள் இறங்கியது.

டாக்டரம்மா டப்பாவை வாங்கி ஒரே பார்வை பார்த்தாள். "நல்லவேளை, டப்பாவைக் கொண்டு வந்தீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூனையை உள்ளே கொண்டுபோய்விட்டாள். கதவு மூடியது. உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பாப்பா கடையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோதும் அந்தக் கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டாக்டரம்மா கை துடைத்தபடி வெளியே வந்தாள்.

"பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணில மருந்தைக் கழுவி எடுத்தாச்சு. நடுக்கம் நிக்க ஊசி போட்டிருக்கேன், டிரிப் ஏறுது. எவ்வளவு மருந்து விட்டீங்க?"

"கால்வாசிகூட இல்ல டாக்டர். நாய் அளவையும் பூனை அளவையும் பாத்து, கணக்காத்தான் குறைச்சேன்."

"அளவு இல்லம்மா பிரச்சினை. நாய் உடம்பு இந்த மருந்தை உடைச்சு வெளியில தள்ளிடும். பூனை உடம்புக்கு அது முடியாது, உள்ளேயே நின்னு நரம்பைப் பிடிச்சுக்கும். நாயைச் சின்னதாக்கினா பூனை வந்துடாது." டாக்டரம்மா அவள் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைப் பார்த்தாள். "டெய்லரா? உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஒருத்தர் வந்து கோட்டைக் குடுத்து, இதைப் பாவாடையா மாத்திக் குடுங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

தையலக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். "மாத்திக் குடுத்திருக்கேன் டாக்டர்."

டாக்டரம்மா இஞ்ச் டேப்பை இன்னொரு தடவை பார்த்தாள். "சரி. துணில அது நடக்கும். மருந்துல நடக்காது. அவ்வளவுதான்" என்றாள். பிறகு குரல் இளகியது. "காலைல விட்டதுக்கு மத்தியானமே கொண்டு வந்துட்டீங்க. பிழைக்கிறதுக்கு வாய்ப்பு இருக்கு. ஆனா இப்பவே சொல்ல மாட்டேன். நாளைக்குக் காலைல நடுக்கம் நின்னிருந்தா சொல்றேன்."

கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. ஒரு முனையில் தையலக்கா, மறு முனையில் பாப்பா, நடுவில் பாப்பா கொண்டுவந்த காலிக் கூடை. எதிர்வீட்டுக்காரர் அவர்கள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். பாப்பா கூடையை இழுத்து நேராக வைத்தாள். கடைசியில், பழக்கதோஷம், கூடையிடமே பேசினாள்.

"சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொன்னேனே. அது கேக்கலையான்னு கேளு."

கூடை என்ன செய்யும் பாவம்.

தையலக்கா அங்கேதான் உடைந்துபோனாள். கூடையைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டுப் பெஞ்சில் நகர்ந்து கிட்டே போனாள். "கேட்டுச்சு பாப்பா. நீ சொன்னதாலதான் செஞ்சேன். நீ சொல்லி நான் கேக்கறதான்னு ஒரு வீம்பு. டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியல. கண்ணு தெரியல. ஒரு வருஷத்துக்கு மேல எனக்கு எழுத்தே தெரியல பாப்பா. உன்கிட்டதான் கேட்டிருக்கணும். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேப்பேன்? உன்னைப் பாத்து உன் வீடா இதுன்னு கேட்ட வாய்தானே இது."

பாப்பா கைப்பையை மடியில் எடுத்து வைத்தாள். தையலக்கா விடவில்லை.

"அந்த வார்த்தையைச் சொன்ன நாள்லேர்ந்து நான் நிம்மதியா ஒருவாய் சாப்பிட்டதில்ல. அதையும் உன்கிட்ட சொல்லல. மேனேஜர்கிட்ட சொல்லி அனுப்பற விஷயமா அது?"

நடையில் காத்திருந்த யாரோ ஒருவருடைய கிளி கூண்டுக்குள் கத்தியது. பாப்பா கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். பிறகு, டாக்டரம்மா திருப்பிக் கொடுத்து பெஞ்சின்மேல் கிடந்த அந்த மருந்து டப்பாவை எடுத்தாள். தையலக்காவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இது என்ன படம், தெரியுதா?"

"தெரியல."

கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாள். "இப்ப?"

"வட்டமா இருக்கு."

"இப்ப?"

"உள்ள ஏதோ... காது மாதிரி..." இன்னும் தள்ளிப் பிடித்தாள். தையலக்காவுக்குத் தெரிந்தது. வட்டத்துக்குள் பூனையின் தலை. அதன்மேல் குறுக்காக ஒரு கோடு. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கை நீளம் பத்தாம போயிடுச்சு, அவ்வளவுக்கு பவரை ஏத்தி வெச்சிருக்கீங்க" என்றாள் பாப்பா. கடையில் வருகிறவர்களைக் கடிந்துகொள்கிற அதே குரல். "இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு எப்படித்தான் தைச்சீங்க? விரலைத் தைச்சுக்காம இருந்ததே பெரிசு. முட்டாள் அண்ணி." சொல்லிவிட்டு அழுதாள். தையலக்கா அவள் தலையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போன காலத்தில் வைத்துக்கொண்ட அதே தோள்.

டிரைவர் டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு ஓடிவந்தது அந்த நேரம் பார்த்து. வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தங்கச்சியும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு முகம் வெளுத்தது. "ஐயோ, பூனை செத்துடுச்சா?" என்று கேட்டார்.

சாகவில்லை. மறுநாள் காலையில் நடுக்கம் நின்றுவிட்டதாகவும், ஊசி போட வந்த ஆளின் கையைக் கடித்துவிட்டதாகவும் டாக்டரம்மா ஃபோனில் சொன்னாள். கடித்ததைக் கேட்டபோதுதான் இருவருக்கும் மூச்சு வந்தது. மேலும் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள். வாங்கப் போனபோது இரண்டு பேரையும் நிற்கவைத்து ஒரு பாட்டம் பேசினாள். பூனை நன்றாகத் தேறும்வரை மருந்தே வேண்டாம், நெருக்குப்பல் சீப்பால் வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்கினால் போதும். அதற்குப் பிறகு பூனைக்கென்றே செய்த சொட்டு மருந்து, அதுவும் தராசில் நிறுத்து, அந்த எடைக்கு உள்ளதை மட்டும், தானே எழுதித் தருவாள். வாசனை எண்ணெய், பொடி என்று யார் எதைச் சொன்னாலும் வேண்டாம், நாலு பேருக்கு நல்லது செய்தது நாக்கால் உடம்பை நக்குகிற பூனைக்கு ஆகாது. நாய்க்கு மருந்து போட்ட அன்று அதன் பக்கத்தில் பூனையை அண்டவிடக் கூடாது. இதைச் சொல்லும்போது வாசலில் நின்ற எதிர்வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தலையாட்டினார்.

"இன்னொரு விஷயம். பூனை மேல இருக்கற பூச்சி கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் அது படுக்கற இடத்துலதான் இருக்கும். எங்க படுக்கும்?"

அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெட்ட விரித்த துணியை விட்டால் மேனேஜர் படுப்பது வெட்டுத்துணி மூட்டைமேல்.

"துவைக்கக் கூடியதைச் சூடான தண்ணில துவைங்க. முடியாததைத் தூக்கிப் போடுங்க. தரையை இண்டு இடுக்கு விடாம தினமும் பெருக்குங்க. அப்பவும் கொஞ்ச வாரத்துக்குப் பூச்சி கண்ணுல படும், கூட்டுக்குள்ள இருக்கறது ஒண்ணொண்ணா வெளியில வரும். மருந்து வேலை செய்யலன்னு நினைச்சு மறுபடி ஊத்தாதீங்க."

தையலக்கா நர்ஸம்மாவை வரவழைத்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். சீருடைகளைக் கொதிக்கக் கொதிக்கத் துவைத்து, தேய்த்து, மாடி அறையில் கதவை மூடி வைத்திருப்பதாகச் சொன்னாள். நர்ஸம்மா துணியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பூனை பிழைச்சுதா?" என்றுதான் கேட்டாள்.

சனிக்கிழமை வந்தது. பாப்பா வேலைக்குப் போகவில்லை. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு துடைப்பத்தோடு முன்னறையில் இறங்கினாள். மேஜையை நகர்த்தினாள், மிஷினடியில் பெருக்கினாள், கடைசியில் மூலைக்கு வந்தாள். மூட்டையின் முன்னால் வந்ததும் அவள் கை தயங்கியது. தையலக்கா மேஜை ஓரத்தில் உட்கார்ந்து மேனேஜருக்குச் சீப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். மூக்கின்மேல் புதுக் கண்ணாடி. கண்ணாடிக் கடை மேஜை இழுப்பறையில் ஒரு வருஷத்துக்கு முன்பே ஃபிரேமை எடுத்து வைத்திருந்தாளாம் பாப்பா, லென்ஸ் போடுவதுதான் பாக்கியாம். இதையும் அவள் யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை.

மூட்டையைப் பார்த்தபடியே பாப்பா மெதுவாக ஆரம்பித்தாள். "மேனேஜர், இந்த மூட்டையைத் தூக்கிப் போடலாமான்னு கேளு."

தையலக்கா சீப்பை நிறுத்தினாள். "மேனேஜருக்கு மெடிக்கல் லீவு. என்கிட்டயே கேளு."

பாப்பா திரும்பினாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "தூக்கிப் போடட்டுமா, அண்ணி?"

தையலக்கா கண்ணாடி வழியாக அவளை நன்றாகப் பார்த்தாள். காதோர நரை ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இத்தனை நரைத்ததை அவள் இவ்வளவு நாள் பார்க்கவே இல்லை.

"என்னை எதுக்குக் கேக்கற?" என்றாள். "உன் வீட்டுக் குப்பை. நீ போட்டா யாரு கேக்கப் போறா?"

பூனையை இறக்கிவிட்டு எழுந்து வந்து, மூட்டையின் மறு முனையைப் பிடித்தாள்.